வேலியில் பழுத்த வரிப்பழம்

கார்த்திகை பிறந்து நான்கைந்து நாள் ஆகியிருந்தது. இரவெல்லாம் பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காங்கேயத்துக்குத் தெற்கே இருக்கும் அம்மா வீட்டுத் தோட்டத்தில், என் ஏழு வயது மகள் கிளுவை வேலிப் பக்கமிருந்து ஓடிவந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கோலிக்குண்டு அளவில் மூன்று பழங்கள் இருந்தன. நல்ல சிவப்பு, அதன்மேல் காம்பிலிருந்து நுனிவரை சுண்ணாம்பைத் தொட்டு இழுத்ததுபோல் வெள்ளை வரிகள், இடையிடையே அறுபட்டும் புள்ளியாகக் கலைந்தும் ஓடின. அவ்வளவு அழகான காட்டுப்பழம் ஒன்றை நான் அதற்குமுன் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. மூன்றில் ஒன்றின்மேல் பல் பதிந்திருந்ததைச் சற்றுக் கழித்துத்தான் கவனித்தேன். "கசப்பும்மா, துப்பிட்டேன்" என்றாள். அதைச் சொன்னபோதும் மற்ற இரண்டையும் அவள் கீழே போட மனம் வராமல் வைத்திருந்தாள்.

வாயைக் கொப்பளிக்க வைத்துவிட்டுத் தெரிந்த மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன பழம்?" என்பதுதான். கோவைப்பழம் மாதிரி இருக்கிறது, ஆனால் கோவை இல்லை, உருண்டையாக இருக்கிறது, வரி இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டே போக, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விழுங்கினாளா, எத்தனை, வாந்தி உண்டா, தூக்கக் கலக்கம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். விழுங்கவில்லை என்றதும், பிள்ளையைக் கண்பார்வையிலேயே வைத்துக்கொள்ளவும், மீதிப் பழங்களையும் கொடியில் ஒரு முழத்தையும் இலையோடு அறுத்துப் பத்திரமாக வைக்கவும், மருத்துவமனைக்கு வர நேர்ந்தால் அவற்றைக் கையோடு கொண்டுவரவும் சொன்னார். அன்று பகல் முழுவதும் நான் அவளைவிட்டு நகரவில்லை. ஒன்றும் நேரவில்லை; மாலையில் அவள் பசிக்கிறதென்று இரண்டு தோசை சாப்பிட்டாள். ஆனாலும் "என்ன பழம்?" என்ற அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. நான் பிறந்து வளர்ந்த வீட்டின் வேலி அது. அதில் படரும் ஒரு கொடியின் பெயர், என் பிள்ளையின் நலத்துக்கே தேவைப்பட்ட ஒரு நேரத்தில், எனக்குத் தெரியவில்லை.

மூன்று படங்கள், மூன்று பெயர்கள்

அன்று இரவே கைபேசியில் செடிகளை அடையாளம் காட்டும் செயலி ஒன்றை இறக்கி, பழங்களைத் தட்டில் வைத்துப் படமெடுத்தேன். முதல் படத்துக்குக் கோவை என்று வந்தது. பழத்தைத் திருப்பி வைத்து எடுத்ததற்குப் பேய்ப்புடல் என்று வந்தது. ஈரத்தைத் துடைத்துவிட்டு விளக்கடியில் வைத்து எடுத்ததற்கு முசுமுசுக்கை என்றது. மூன்றும் நம் ஊர் வேலிகளில் படர்பவைதான், மூன்றும் ஒரே குடும்பந்தான். அந்த அளவில் செயலி வெகுதூரம் விலகிப் போய்விடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் இந்த மூன்றில் கோவை தின்னும் பழம். முசுமுசுக்கையின் இலையை அடைமாவில் அரைத்துச் சேர்க்கிறோம். பேய்ப்புடலோ வாயில் வைக்க முடியாத கசப்பு. ஒரே தட்டில், ஒரே மேசையில் இருந்த ஒரே பழத்துக்கு இந்த மூன்று விடைகளும் வருமானால், கையில் பழத்தோடு நிற்கும் ஒருவர் எந்த விடையை நம்பித் தம் பிள்ளைக்கு என்ன சொல்வார்?

அம்மாவிடம் கேட்டேன். அவர் பழத்தைப் பார்த்த மாத்திரத்தில், "பேய்க்கோவைடி அது. கையக் கழுவச் சொல்லு புள்ளைய" என்றார். அது அந்தக் கொடிக்கு மட்டும் உரிய பெயரா என்று கேட்டதற்கு அவரிடம் விடை இல்லை. கோவை மாதிரி இருந்து கோவையாக இல்லாத எதுவும் அவருக்குப் பேய்க்கோவைதான். முதலில் எனக்கு இது ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசிக்க யோசிக்க, அந்த முன்னொட்டில் எவ்வளவு பெரிய அறிவு ஒளிந்திருக்கிறது என்று வியந்தேன். பேய்ப்புடல், பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்க்குமட்டி என்று நம் மொழி வரிசையாகப் பெயர் வைத்திருப்பது அத்தனையும் நாம் தோட்டத்தில் வளர்த்து உண்ணும் காய்களின் காட்டு உடன்பிறப்புகளுக்கு. வடிவம் ஒன்று, சுவை வேறு. அந்தக் கசப்புக்குக் காரணமான வேதிப்பொருள்களுக்குக் குக்கர்பிடேசின் என்று பெயர். பூசணிக் குடும்பம் தன்னைத் தின்னவரும் உயிர்களிடமிருந்து காத்துக்கொள்ளச் சுரப்பது அது. தலைமுறை தலைமுறையாகக் கசக்காத காயின் விதையையே எடுத்து வைத்து, நம் முன்னோர் அந்தக் கசப்பைத் தோட்டத்திலிருந்து விரட்டினார்கள். ஆனாலும் அது முற்றிலும் போய்விடவில்லை. 2010இல் டெல்லியில் அறிவியலாளர் ஒருவர் கசப்பேறிய சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்தார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழு, சுரைக்காய்ச் சாறு கசந்தால் குடிக்கவே கூடாது, உடனே கீழே ஊற்றிவிட வேண்டும் என்று அறிவுறுத்தியது. என் மகளின் நாக்கு படித்தவர் யாரையும் கேட்காமல் அதைத்தான் செய்திருக்கிறது.

மறுநாள் காலையில் செம்மறி ஓட்டிக்கொண்டு வந்த பெரியவரையும் நிறுத்திக் கேட்டேன். அவர் தடியை ஊன்றி நின்று வேலியை ஒருமுறை பார்த்துவிட்டு, "நாம திங்கற பழம் இல்லீங்க அம்மிணி. குருவி திங்கும்" என்றார். குருவி தின்னும் பழத்தை நாமும் தின்னலாம் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது, சிறு வயதில் என்னிடமும் இருந்தது. அவர் அந்த நம்பிக்கையை இரண்டே சொற்றொடரில் பிரித்து வைத்தார். எட்டி பழுத்தென்ன என்று பழமொழி கேட்கிறதே, அந்த நச்சு எட்டிப் பழத்தையே இருவாச்சிப் பறவைகள் உண்பதைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். இந்த வேலியில் வரிப்பழத்தைக் கொத்திக்கொண்டிருந்த கொண்டைக்குருவியின் வயிறும் என் மகளின் வயிறும் ஒன்றல்ல. அந்தச் சிவப்பும் வெள்ளையும் குருவியை அழைப்பதற்காகத்தான். விதையைத் தூரத்தில் கொண்டு போட அதற்குக் குருவி வேண்டும்.

பழத்தை விட்டுக் கொடிக்கு

இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஊருக்குப் போனபோது ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பழைய செய்தித்தாள்களும் எடுத்துப் போனேன். அதற்குள் எனக்கு ஒன்று புரிந்திருந்தது. நானும் அந்தச் செயலியும் அம்மாவும் செய்த தவறு ஒன்றே: எல்லோரும் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பழம் நிறத்தால் கண்ணைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. பூசணிக் குடும்பத்துச் சிறு பழங்களோ பச்சையில் வரியோடும் பழுத்தால் சிவப்போடும் ஒன்றுபோல் இருப்பவை. கொடியின் மற்ற உறுப்புகள் அப்படி இல்லை.

முதலில் பற்றுக்கம்பி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். இதை நான் சொல்லும்போது படிப்பவர்கள் தங்கள் வீட்டுத் தொட்டியில் இருக்கும் பிரண்டையை நினைத்துக்கொள்ளலாம். பிரண்டையில், இலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அதே கணுவிலிருந்து பற்றுக்கம்பி வரும். திராட்சையும் அப்படித்தான், இரண்டும் ஒரே குடும்பம். நூல் வலைக்குள் மஞ்சள் பழம் வைத்திருக்கும் சிறுபூனைக்காலியில், இலைக்காம்பும் தண்டும் சேரும் கக்கத்துக்குள்ளிருந்து அது கிளம்பும். முடக்கத்தானில் பூங்காம்பிலிருந்தே வரும். பூசணி, பாகல், கோவை ஆகியவற்றில் இலைக்காம்பின் பக்கவாட்டில், சற்றுத் தள்ளி, கணுவின் ஓரத்திலிருந்து வரும். பூவும் காயும் இல்லாத கொடியைக்கூட இந்த ஒன்றை வைத்துக் குடும்பம் சொல்லிவிடலாம். எங்கள் வேலிக் கொடியில் அது பக்கவாட்டில்தான் இருந்தது.

அடுத்து அந்தக் கம்பியையே பின்தொடர்ந்து போனேன். கணுவிலிருந்து ஓரங்குலம் ஒற்றையாகப் போய், பிறகு பாம்பின் நாக்குபோல் இரண்டாகப் பிளந்தது. ஒரு கிளை கிளுவை முள்ளைப் பிடித்திருந்தது, மற்றது காற்றில் பிடிமானம் தேடி நீண்டிருந்தது. முள்ளைப் பிடித்த கிளை சுருண்டு வில்போல் ஆகியிருந்தது. அந்தச் சுருளை நுனியிலிருந்து விரலால் தடவிக்கொண்டு வந்தால் நடுவில் ஓரிடத்தில் நேராக நின்று, அதன்பின் எதிர்த் திசையில் சுருளத் தொடங்கியது. இரண்டு முனையும் கட்டுண்ட ஒரு கயிறு முறுக்கேறாமல் சுருள வேண்டுமானால் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகச் சுருள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஏறு கொடிகளை ஆராய்ந்த டார்வின் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அதைப் பற்றி முன்பே படித்திருந்தும், எங்கள் வேலியில் என் விரலுக்கடியில் திசை மாறியபோது சிறிது நேரம் அதையே தடவிக்கொண்டு நின்றேன்.

அந்தப் பிளவு முக்கியமானது. கோவையின் பற்றுக்கம்பி பொதுவாகப் பிளவதில்லை, முசுமுசுக்கையினுடையதும் அப்படியே. முசுமுசுக்கை என்றால் கொடி முழுவதும் சுணை இருந்து கையை அரிக்க வேண்டும். இதன் தண்டு வழுவழுப்பாக இருந்தது, முதிர்ந்த அடித்தண்டில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் தெறித்திருந்தன. கோவையென்றால் பூ பெரிதாக, வெள்ளையாக, தனியாகப் பூத்திருக்கும். ஆண் பூவும் பெண் பூவும் வேறு வேறு கொடியில் இருக்கும். இதில் மங்கிய மஞ்சள் கலந்த சின்னஞ்சிறு பூக்கள் ஒரே கணுவில் கொத்தாக இருந்தன. அவற்றில் சிலவற்றின் அடியில் மிளகளவு பிஞ்சு, சிலவற்றில் வெறும் காம்பு. இரு பாலும் ஒரே கக்கத்தில் இருந்தன. பேய்ப்புடலாக இருந்திருந்தால் பூவின் ஓரம் நூல் நூலாகக் கிழிந்து தொங்கியிருக்கும், பழமும் நுனியில் மூக்குபோல் நீண்டிருக்கும். பழத்தின் வரி பற்றியும் இப்போது ஒரு தெளிவு வந்தது. கோவைக்காயிலும் வெள்ளை வரி உண்டு, ஆனால் அது பழுக்கும்போது மறைந்து பழம் முழுச் சிவப்பாகிவிடும். புலவர்கள் உதட்டுக்கு உவமை சொன்ன சிவப்பு அது. இந்தக் கொடியிலோ வரி பழுத்த பின்னும் நிற்கிறது. ஆகப் பழமும் தன் பங்குக்கு ஒரு சான்று சொல்லியிருக்கிறது. கொடியைப் பார்த்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

இலையை விரித்துப் பார்த்தேன். உள்ளங்கையிலிருந்து ஐந்து விரல்கள் பிரிவதுபோல் ஐந்து மடல்கள் ஆழமாக வெட்டுண்டு, நடுவிரல் நீண்டிருந்தது. மேற்புறம் சொரசொரப்பு, அடிப்புறம் மென்மை. கசக்கி முகர்ந்தபோது முகம் சுளிக்க வைக்கும் ஒரு வாடை வந்தது. அப்போதுதான், எப்போதோ மூலிகை அகராதி ஒன்றில் கடந்துபோன ஐவிரலி என்ற பெயர் நினைவுக்கு வந்தது. ஆனாலும் ஐந்து மடல் இலை இந்தக் குடும்பத்தில் இன்னும் பலவற்றுக்கு உண்டு என்பதால், நினைவை நம்பி அங்கேயே நின்றுவிட எனக்குத் துணிவில்லை.

கிணற்று மேட்டில் உட்கார்ந்து, நன்றாகப் பழுத்த ஒன்றைப் பேனாக்கத்தியால் குறுக்கே பிளந்தேன். மகள் என் தோள்மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வழவழப்பான சதையில் விதைகள் புதைந்திருந்தன. ஒன்றை எடுத்துத் தண்ணீரில் அலசி, தாளில் ஒற்றி, கண்ணாடியைப் பிடித்தேன். ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் நீளமே இருந்த அந்த விதையைச் சுற்றி, நடுவில், தடித்த வளையம் ஒன்று எழும்பி நின்றது. வளையத்துக்கு மேலே ஒரு மேடு, கீழே ஒரு மேடு. ஆவுடையாரும் அதன் நடுவே லிங்கமும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "சாமி மாதிரி இருக்குதும்மா" என்று மகளே சொன்னாள். வடக்கே இந்தக் கொடிக்குச் சிவலிங்கி என்று பெயர். தாவர நூலில் இதன் பேரினப் பெயர் டிப்ளோசைக்லோஸ். கிரேக்கத்தில் இரட்டை வட்டம் என்று பொருள். சிவபக்தரும் தாவரவியலாளரும் ஏழு வயதுப் பிள்ளையும் ஒரே வளையத்தில் வந்து சேர்ந்திருந்தோம். பழத்தின் வண்ணத்தில் இரண்டு வாரம் குழம்பியவளுக்கு, வண்ணமே இல்லாத ஒரு விதையில் ஐயம் தீர்ந்தது. ஐவிரலி. டிப்ளோசைக்லோஸ் பால்மேட்டஸ்.

பெயர் கிடைத்த பிறகு

பெயர் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் பாலக்காட்டுத் தோழியிடம் படத்தைக் காட்டியதும் அந்த எண்ணம் மாறியது. "இது எங்கள் நெய்யுண்ணி அல்லவா" என்று அவர் மகிழ்ச்சியோடு சொன்னார். நம் ஆடி மாதத்தை ஒட்டி வரும் கர்க்கடகத்தில், பத்து வகை இலைகளைச் சேர்த்துச் சமைக்கும் பத்திலைக் கறி அங்கே வழக்கம். அந்தப் பத்தில் ஒன்றாக நெய்யுண்ணியின் இளந்தளிரையும் எண்ணுகிறார்கள். அவருடைய பாட்டி மழைக்கு நடுவே வேலியில் கிள்ளிவந்ததை அவர் பார்த்திருக்கிறார். பழத்தை யாரும் தொட்டதில்லையாம். எங்கள் வேலியில் பேயாக இருப்பது மலைக்கணவாயைத் தாண்டினால் மருந்துணவு. ஆஸ்திரேலியாவிலும் இதே கொடி இயல்பாக வளர்கிறது, அங்கே இதன் பழத்தை நச்சுப்பழம் என்று எச்சரிக்கிறார்கள். இவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. மணத்தக்காளியின் கீரைக்கும் காய்க்கும் பழத்துக்கும் நாம் தனித்தனி வழக்கம் வைத்திருப்பதுபோல, எந்த உறுப்பு, எந்தப் பருவம், எப்படிச் சமைத்தது என்று பெயருக்கு அப்பாலும் கேள்விகள் தொடர்கின்றன. பெயரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்பதற்காக எதையும் வாயில் வைக்கும் உரிமை வந்துவிடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் வடநாட்டுச் சந்தைகளிலும் இணையக் கடைகளிலும் சிவலிங்கி விதையைக் குழந்தைப்பேற்று மருந்தென்று விற்கிறார்கள். விதை சிவலிங்கம்போல் இருப்பது அதை விழுங்கலாம் என்பதற்குச் சான்றாகாது.

இன்னொன்று என்னை மிகவும் அசைத்தது. நம் பழைய மருத்துவ நூல்களில் ஐவிரலிக்கு நேரே பிரையோனியா லாசினியோசா என்ற அறிவியல் பெயரைக் காணலாம். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் பிரையோனியா பால்மேட்டா, பிரையோனியா லாசினியோசா என்று இரண்டு பெயர்களும் இருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் நம் கொடிக்கு இரண்டாவது பெயரைச் சூட்டிப் பழகிவிட்டார்கள். அந்தப் பெயருக்கு உரியது அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த வேறொரு கொடி என்பதும், இன்று அது கயபோனியா என்ற பேரினத்தில் இருக்கிறது என்பதும் பிறகே தெளிவாயிற்று. லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவில் பூசணிக் குடும்பத்தை ஆராய்ந்த சார்லஸ் ஜெஃப்ரி 1962இல்தான் நம் கொடிக்கு இப்போதுள்ள பெயரை அமைத்தார். இருநூறு ஆண்டுகளில் எத்தனை கற்றவர்கள், உலர்ந்த மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டே, ஒரு கொடியை இன்னொன்றின் பெயரால் அழைத்திருக்கிறார்கள். இது தெரிந்ததும் அம்மாவின் பேய்க்கோவையின்மேல் என் மதிப்பு இன்னும் கூடியது. அது எந்தக் கொடி என்று சொல்லாமல் விட்டாலும், பிள்ளையின் கையைக் கழுவச் சொல்லியது.

அறுத்துவந்த கொடியில் நல்ல பகுதி ஒன்றை இலை, பூ, பற்றுக்கம்பி, காய் எல்லாம் தெரியும்படி செய்தித்தாள்களுக்கு நடுவே பரப்பி, அம்மிக்கல்லை மேலே வைத்து உலர்த்தினோம். நாளொரு முறை தாளை மாற்றினார் அம்மா. பத்து நாளில் இலை உலர்ந்து தட்டையாகிவிட்டது. பழம் சுருங்கிக் கறுத்துவிட்டது. சிவப்பும் இல்லை, வரியும் இல்லை. காய்ந்ததும் மறைந்துபோகும் நிறத்தையும் மணத்தையும் அன்றன்றே எழுதி வைக்க வேண்டும் என்று மாதிரி சேகரிப்பவர்கள் சொல்வது ஏன் என்று அப்போது விளங்கியது. கெட்டியான அட்டையில் ஒட்டி, ஓரத்தில் சிறு தாளில் எழுதினேன்: ஐவிரலி, கார்த்திகை, தோட்டத்து மேற்கு வேலி, கிளுவையின்மேல் படர்ந்தது, பழம் சிவப்பு, வெள்ளை வரியுடன், இலை கசக்கினால் துர்மணம். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் மகளின் பெயரை எழுதினேன். அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஒன்று விட்டுப்போயிற்று என்றாள். என்ன என்று கேட்டேன். "கசப்புன்னு எழுதும்மா. எனக்கு மட்டுந்தானே தெரியும்" என்றாள். எழுதினேன்.